பின் சக்கரத்துக்கு டிஸ்க் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை



பழைய ஜிப்ஸி வைத்திருக்கும் நம் மாணவன் ஒருவன், பின் சக்கரங்களில் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் மாட்டினான். "சார், அழுத்திப் பிரேக் பிடிச்சா பின்பக்கம் வெட்டி இழுக்குது" என்றான். அடுத்த வாரம் மனைவி, இரண்டு குழந்தைகளோடு கொல்லிமலை போகிறான். 70 கொண்டை ஊசி வளைவுகள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பத்தாம் வகுப்பில் நான் நடத்திய நிலைமம்தான் இது. பஸ் சட்டென்று நின்றால் நாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? வண்டியின் பாரமும் அப்படித்தான் முன் சக்கரங்களுக்கு மாறுகிறது. ஓர் உதாரணக் கணக்கு: எடை 1000 கிலோ. முன்னால் 520, பின்னால் 480. அச்சுகளுக்கு இடையே 2.4 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.6 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.8 பங்கு எதிர்முடுக்கம் என்றால், 200 கிலோ பாரம் முன்னால் போய்விடும். பின்னால் மிஞ்சுவது 280.

அவ்வளவு லேசான சக்கரத்தை இறுக்கிப் பிடித்தால் அது லாக் ஆகி, வண்டி சுழலும். முன் சக்கரம் முதலில் லாக் ஆனால் ஸ்டியரிங் கேட்காது. ஆனாலும் வண்டி நேராகப் போகும். ஆகவே முன் சக்கரமே முந்த வேண்டும். டிஸ்க் மாற்றியதும், காலிப்பர் பிஸ்டனின் அளவைப் பொறுத்துப் பழைய பங்கீடு மாறிவிடுகிறது.

இதற்கு மருந்து, பின் பிரேக் லைனில் மட்டும் வைக்கும் அட்ஜஸ்டபிள் ப்ரொபோர்ஷனிங் வால்வு. ஏற்கெனவே கம்பெனி வால்வு இருந்தால், மெக்கானிக்கைக் கேட்டு ஒன்றை மட்டும் வையுங்கள். லைனில் காற்று இல்லாமல் பிளீட் செய்துவிட்டு, காலியான, நேரான, காய்ந்த இடத்தில் சோதியுங்கள். டிரைவர் மட்டும் இருக்கட்டும். அப்போதுதான் பின்பக்கம் மிக லேசாக இருக்கும். எட்ட நின்று ஒருவர் சக்கரங்களைக் கவனிக்கட்டும்.

ஞாயிறு காலை அந்த வேலைக்கு நானே போய் நின்றேன். 30 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, பின் அழுத்தத்தைக் குறைவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். ஐந்தாவது சுற்றில் பின் சக்கரம் முந்தியது. உடனே வால்வைக் குறைத்து, மறுபடி ஓட்டிப் பார்த்து, முன் சக்கரம் முந்தும் இடத்தில் நிறுத்தினோம். மழைக்கென்று தனியாகத் திருக வேண்டாம். ஈரச் சாலையில் முன்னால் மாறும் பாரம் குறைவு. இந்த அளவே காப்பாற்றும்.

டிரம் போனால் ஹேண்ட்பிரேக்கும் கூடவே போயிருக்கலாம். சரிவில் நிறுத்திப் பாருங்கள்.

இப்படி மாற்றியவர்கள் யாராவது இருந்தால், பிள்ளைகளை ஏற்றும் முன் சோதித்துவிட்டு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.