ஓட்டமாவடியிலிருந்து வயல்வாடிக்கு

ஓட்டமாவடியில் வாவியைக் கடக்கும் பழைய இரும்புப் பாலம் 1924ஆம் ஆண்டினது. புகையிரதமும் மோட்டார் வாகனங்களும் அதன் ஒரே வழியைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. புகையிரதம் வரும்போது ஏனையவை ஒதுங்கிக் காத்திருக்கவேண்டும். 2010இல் தெருவுக்கெனப் புதிய பாலம் திறக்கப்பட்டபின் அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. ஆயினும் மாரிகாலத்தில் மனிதரைக் காக்கவைக்க இப்பகுதிக்கு வேறு வழிகளும் உண்டு என்பதைத் தை மாதப் பயணமொன்றில் அறிந்தோம்.

எம்மோடு கற்பிக்கும் நண்பரின் தந்தையார் மேற்குப்புறத்து வயல்வாடியில் காய்ச்சலாகக் கிடப்பதாகச் செய்தி வந்தது. பொழுது சாயுமுன் அவரை அழைத்துவரவேண்டும். ஓட்டமாவடியில் ஒரு கெப் வண்டி அமர்த்தினோம். சாரதி ஐம்பது வயதைக் கடந்த முஸ்லிம் அன்பர்.

"நாலு சில்லும் இழுக்கிற வண்டிதானே காக்கா, இப்பவே அதைப் போட்டால் என்ன?" என்று தார்த்தெருவிலேயே கேட்டுவிட்டோம்.

"காய்ஞ்ச தாரில போட்டால் பல்லுச் சில்லுக்குத்தான் கேடு, சேர்."

காரணம் எளிது. வளைவில் திரும்பும்போது முன்சில்லுகள் பின்சில்லுகளைவிட நீண்ட தூரம் உருளவேண்டும். இவ்வகை வண்டியில் நாற்சில்லு இயக்கத்தை இட்டவுடன் முன்தண்டும் பின்தண்டும் ஒரே வேகத்திற்குப் பூட்டப்படுகின்றன. மணலிலும் சேற்றிலும் சில்லு சற்றே வழுக்கி அவ்வேறுபாட்டைச் சரிக்கட்டும்; காய்ந்த தாரில் அது இயலாமையால் இழுவிசை பற்சக்கரங்களை முறுக்கும். (நடுவிலும் வேகத்தைப் பிரித்தளிக்கும் பற்சக்கரத் தொகுதி கொண்ட வண்டிகளின் கதை வேறு.)

மணற்பாதை வந்ததும் டயர்க் காற்றை 30 இறாத்தலுக்கு மேலிருந்து 20 அளவுக்கு இறக்கினார். டயர் பரந்து மணலின்மேல் மிதந்து சென்றது.

அப்பால் ஒரு சப்பாத்துப் பாலம். அதன்மேல் மண்ணிறத்தில் நீர் பாய்ந்துகொண்டிருந்தது. நண்பர் பதறினார். "நாலு சில்லும் இருக்கே, விடுங்கோ காக்கா!" வெட்கத்தோடு எழுதுகிறோம்: நாமும் அவரோடு சேர்ந்து அவசரப்படுத்தினோம்.

சாரதி இயந்திரத்தை நிறுத்திவிட்டார். "சில்லு நிலத்தில பட்டால்தானே சேர் பிடிக்கும்? தண்ணி வண்டியைத் தூக்கினால் நாலு என்ன, எட்டு இருந்தும் என்ன?" 2011 தை மாதப் பெருவெள்ளத்தைக் கண்டவர் அவர். இரண்டடி ஆழத்து ஓடும் நீர் பெரிய வண்டிகளையே இழுத்துச் செல்ல வல்லது. கரையில் ஒரு கம்பை நட்டு, நீர்மட்டத்தில் கத்தியாற் கீறினார். பின்பு வெற்றிலை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒன்றரை மணிநேரம். நண்பர் கரையில் நடந்துகொண்டேயிருந்தார். கீறலுக்குக் கீழே நீர் ஒரு சாணுக்குமேல் இறங்கி, பாலத்தின் இரு ஓரக் கட்டைகளும் தெரிந்த பின்னரே சாரதி எழுந்தார். கம்பால் தட்டிக்கொண்டு நடுவரை நடந்து திரும்பினார், நீர் கணுக்காலளவு. வண்டி நின்றபடியே குறைவேக நாற்சில்லு இயக்கத்தை இட்டு, கியர் மாற்றாமல், மனிதர் நடக்கும் வேகத்திற் கடந்தார். கரையேறியதும் பிறேக்கை மெல்ல மிதித்து ஈரத்தை உலர்த்தினார். நாற்சில்லு இயக்கம் புறப்பட உதவுமேயன்றி நிற்பதற்கு உதவாது என்று அப்போதுதான் எமக்கு உறைத்தது.

திரும்பும்போது இருட்டிவிட்டது. பின்னாசனத்தில் மகனின் தோளிற் சாய்ந்திருந்த முதியவர், பாலத்தண்டையில் கண்விழித்து, "இந்தத் தண்ணியில எப்பிடி வந்தீங்க?" என்று கேட்டார்.

"இருந்துதான் வந்தோம், அப்பா" என்றார் நண்பர்.

தார்த்தெரு ஏறியதும் சாரதி இயக்கத்தை மாற்றினார். இறங்கி, கைப்பம்பினால் நான்கு டயர்களுக்கும் காற்றடித்தோம். பிறகு வண்டி வாழைச்சேனை வைத்தியசாலையை நோக்கி விரைந்தது.