ஒரே காசி, இரண்டு பார்வை

1960 வாக்கில் இரண்டு நண்பர்கள் காசிக்குப் போனார்கள். ஒருவர் எம்.எஃப். ஹுசேன், மற்றவர் ராம்குமார். புண்ணியம் தேடி அல்ல, படம் வரைய. தங்கியது ஹிந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் மகன் ஸ்ரீபத் ராயின் வீட்டில். பகலில் ஆளுக்கொரு பக்கமாகக் கிளம்பிவிடுவார்கள். பார்த்தது ஒரே ஊர். வரைந்ததோ இரண்டு ஊர்கள்.

பண்டரிபுரத்தில் பிறந்து, பம்பாயில் சினிமா பேனர்கள் எழுதிப் பிழைத்த ஹுசேனுக்கு ஊர் என்றால் மனிதர்கள்தான். படித்துறை, படகு, தாழங்குடை எதுவானாலும் பக்கத்தில் ஓர் உருவம் இருக்கும். முகத்தில் கண், மூக்குகூட இருக்காது. ஆனாலும் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே ஆளைத் தெரியும். நாலு கோடு போதும் அவருக்கு.

ராம்குமார் வேறு ரகம். 1924இல் சிம்லாவில் பிறந்தவர். பொருளாதாரம் படித்து, வங்கி வேலையை உதறிவிட்டுப் பாரிசுக்குப் போய் ஓவியம் கற்றவர். ஹிந்தியில் கதைகளும் எழுதியவர். ஐம்பதுகளில் அவர் வரைந்ததெல்லாம் வேலையில்லாத இளைஞர்கள், நகரத்தில் தொலைந்துபோன நடுத்தர வர்க்கத்து முகங்கள். காசியில் அந்த முகங்கள் காணாமல் போயின.

அவர் போய்ச் சேர்ந்தது ஒரு குளிர்கால இரவு. மங்கிய விளக்கு, ஆளரவமற்ற சந்துகள், எங்கோ நாய்களின் ஊளை. இறந்தவர்கள் மட்டுமே வசிக்கும் ஊர் போலத் தோன்றியதாகப் பிற்பாடு நினைவுகூர்ந்தார். பகலில் படித்துறைகளில் கண்ட துயரத்தை எந்த முகத்தில் வரைவது? மனிதர்களையே எடுத்துவிட்டார். மிஞ்சியவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்த வீடுகள், சேற்று நிறம், சாம்பல் நிறம், அசையாத நதி. போகப்போக வீடுகளும் கரைந்து வெறும் வண்ணப் பட்டைகளாயின.

மனிதன் இல்லாத படத்தில் இரக்கம் எங்கே என்று கேட்கலாம். ராம்குமாரின் காசிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் பதில் கிடைக்கும். அந்த மூடிய வீடுகளுக்குள் யாரோ காத்திருக்கிறார்கள், காட்டவில்லை, அவ்வளவுதான். ஹுசேனோ வெளியே வந்தவர்களை வரைந்தார்.

2006இல் நாட்டை விட்டுப் போன ஹுசேன், 2011இல் லண்டனில் இறந்தார். கூட்டத்தை விட்டு விலகாதவருக்கு அந்நிய மண்ணில் அடக்கம். ஆட்களே இல்லாத நிலங்களை வரைந்த ராம்குமார் கடைசி வரை தில்லியிலேயே இருந்து 2018இல் மறைந்தார்.

தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருவரின் படங்களும் உண்டு. எது நிஜமான காசி? போய் வந்தவர்களுக்குத் தெரியும். காலை பத்து மணிக்கு அது ஹுசேனுடையது. நள்ளிரவில் ராம்குமாருடையது.