புஷ் வைக்கிற கை

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று செய்தி வந்தபோது, லாரித் தொழிலில் இருக்கும் நண்பர் சொன்னார்: "இனி கேபினெல்லாம் கம்பெனியிலேயே கட்டி வந்துடும்ங்க. கைவேலையைப் பார்க்கணும்னா இப்பவே வாங்க." அப்படித்தான் நாமக்கல் போனேன்.

பாடி கட்ட, பஸ்ஸுக்குக் கரூர், போர்வெல் வண்டிக்குத் திருச்செங்கோடு, லாரிக்கு நாமக்கல் என்பது தமிழ்நாடு அறிந்த கணக்கு. நண்பர் அழைத்துப்போன பட்டறையில் பழைய டாடா மெர்சிடிஸ் பென்ஸ் ஒன்று முன்பக்கம் முழுக்கக் கழற்றப்பட்டு நின்றது. டாடாவும் டைம்லர் பென்ஸும் 1954 முதல் 1969 வரை கூட்டாக இருந்த காலத்து வண்டி. பழைய வண்டிப் பிரியர் ஒருவர் புதுப்பிக்கக் கொடுத்திருந்தார்.

மேஸ்திரிக்கு அறுபதைத் தாண்டிய வயது. 14 வயதில் சம்மட்டி பிடிக்க வந்தவர். சொந்தப் பட்டறை வைத்திருந்தார். கம்பெனி கேபின்கள் பெருகியதும் மூடிவிட்டு இங்கே தினக்கூலிக்கு நிற்கிறார். சேஸுக்கும் முன்பக்கத் தகட்டுக்கும் நடுவிலிருந்து கழற்றிய ரப்பர் புஷ் ஒன்றை என் கையில் வைத்தார். "அமுக்கிப் பாருங்க தம்பி." நகம்கூட இறங்கவில்லை. இன்னொரு இடத்தில் புஷ்ஷுக்குப் பதில் யாரோ பழைய டயரை வெட்டிச் செருகியிருந்தார்கள். நூல் பிதுங்கி நின்றது. அதற்கு நேர் மேலே தகட்டில் விரிசல்.

"ரோட்டுல சேஸ் முறுக்கத்தான் செய்யும். அந்த அடியை ரப்பர் வாங்கிக்கணும். அது வாங்கலைன்னா தகரம் வாங்கும், ரேடியேட்டர் வாங்கும்."

பிராக்கெட் துளையில் துரு போகச் சுரண்டினார். மேலே ஒரு ரப்பர், கீழே ஒன்று, நடுவே இரும்புக் குழல். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிவிடும் என்பதால் கிரீஸைத் தொடாமல் சோப்புத் தண்ணீர் தடவினார். எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் திருகிவிட்டு, மட்கார்டையும் பானெட்டையும் வைத்து இடைவெளி பார்த்தார். இடப்பக்கம் இறங்கியிருந்தது. ஜாக்கியில் தூக்கி, புஷ்ஷுக்கு அடியில் மெல்லிய வாஷர் ஒன்றைச் செருகினார். பானெட் விளிம்பு நெடுக விரலை ஓட்டினார்; இரு பக்கமும் ஒரே அளவு. அதன் பிறகுதான் ஸ்பேனரை எடுத்தார்.

"வாஷர் போய்க் குழல்ல முட்டினாப் போதும், நிறுத்திடணும். குழலே போடாம இறுக்கறவங்க இருக்காங்க. ரப்பர் நசுங்கி, கொஞ்ச நாள்ல பழைய கதைதான்."

வேலைக்கான பில்லையும் பார்த்தேன். புஷ், போல்ட், வாஷர் எல்லாவற்றுக்கும் தனித்தனியே ஒரு வரி எழுதியிருந்தது. இவர் குனிந்து, படுத்து, அளந்து செய்த வேலைக்கு 'லேபர்' என்று ஒரே வரி. வண்டியைப் பிடித்துக் கொடுத்த தரகர் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதில்தான் இவர் கூலி. வண்டிக்கு அடியில் ஒருமுறைகூடப் படுத்திராதவருக்கு முதல் பங்கு, வாழ்நாளெல்லாம் படுத்தவருக்குக் கடைசிப் பங்கு. இது அநியாயம். இந்தக் கூலியை நம்பி எந்தப் பையன் தொழில் கற்க வருவான்?

பழைய வண்டிகளைக் காக்க நினைப்பவர்களிடம் கேட்கிறேன்: தரகரை விட்டுவிட்டுப் பட்டறைக்கு நேரே வாருங்கள். கூலியை மேஸ்திரியோடு பேசுங்கள். அவர் பக்கத்தில் நின்று பழகும் ஒரு பையனின் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுங்கள். பளபளக்கும் பெயிண்ட்டுக்குத் தயங்காமல் தருகிறீர்கள். அந்தப் பெயிண்ட் விரிசல் விடாமல் காப்பது இந்தக் கைதான்.