போன் பில் இல்லாத இரண்டு மாதங்கள்

2006 பெப்ரவரியில் எனக்குக் கலியாணம். மாப்பிள்ளை ஸ்காபரோவில் இருந்து மூன்று கிழமை லீவில் வந்தவர். யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை அப்போது திறந்திருந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் பெட்டிகளை அவிழ்த்துக் காட்டி, மானிப்பாய்க்கு அவர் வந்து சேரப் பொழுதுபட்டுவிட்டது. கொழும்பில் வாங்கி வந்த சாமான்களுக்கு விடுதலைப் புலிகள் இயக்கத்தின் சாவடியில் வரி கட்டி, அதற்கு ரசீதும் வைத்திருந்தார். பால் கணக்குத் துண்டைக்கூட எறியாத அப்பா அந்த ரசீதையும் வாங்கித் தன் பைலில் செருகி வைத்தார்.

சொந்தக்காரர்களை விட ஸ்பொன்சர் படிவம் நிரப்பித் தரும் மாஸ்டர்தான் எங்கள் கலியாணத்தில் முக்கிய ஆள். "கேக் தீத்திற படம் கட்டாயம் வேணும் பிள்ளை. ரெண்டு பக்கத்துச் சனமும் சேர்ந்து நிக்கிற படமும் வேணும்" என்றார். வெட்கத்தோடு தீத்தினோம். மாப்பிள்ளையை வழியனுப்பக் கொழும்புக்குப் போனபோதே, கனடாவுக்கு மெடிக்கல் பார்க்க நியமிக்கப்பட்ட டொக்டரிடம் நெஞ்சுப் படமும் இரத்தமும் கொடுத்துவிட்டு வந்தேன். மெடிக்கல் 12 மாதம் செல்லும், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றார் மாஸ்டர்.

மாப்பிள்ளை போய் அடுத்த மாதமே, ஏப்ரலில், கனடா விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. அன்று பின்னேரம் அப்பா பைலைத் திறந்து அந்த ஒரு ரசீதை மட்டும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஓகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை. நல்லூர்த் திருவிழாக் காலம். முகமாலைப் பக்கம் ஷெல் சத்தம் தொடங்கியது. ஊரடங்கு போட்டார்கள். பாதை பூட்டியாயிற்று. இரண்டு மூன்று நாளில் திறப்பார்கள் என்று ஊரே சொன்னது, நானும் நம்பினேன். சீனி, மண்ணெண்ணெய், பால்மா எல்லாம் கப்பலில் வந்தால்தான் உண்டு என்றாகிவிட்டது. கூட்டுறவுக் கடை வரிசையில் குடும்ப அட்டையோடு நிற்பது அம்மாவின் வேலை. எங்கள் வீட்டு போன் செத்துக் கிடந்தது. கைத்தொலைபேசிக்கும் சிக்னல் இல்லை. அவரின் குரலை மறுபடி கேட்க இரண்டு மாதம் போயிற்று.

எங்கள் ஸ்பொன்சர் பைல் கனடாவில் மிசிசாகா அலுவலகத்தில் முதல் படி தாண்டிக் கொழும்புக்கு வந்துவிட்டதாகக் கடைசியாகப் பேசியபோது சொல்லியிருந்தார். கொழும்பு எனக்குக் கனடாவை விடத் தூரமாகிப் போனது அப்போதுதான். ஜனவரி 2007இல் இன்ரர்வியூ என்று கூப்பிட்ட கடிதம் பெப்ரவரியில் வந்தது. தபாலும் கப்பலில்தானே வரவேண்டும். உறையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா அழுதா. எனக்கு ஏனோ சிரிப்புத்தான் வந்தது.

யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற அப்போது இராணுவத்தின் பாஸ் வேண்டியிருந்தது. கிராம சேவையாளர் கடிதம், படம், படிவம். 'காரணம்' என்ற இடத்தில் 'கணவரிடம் செல்ல' என்று எழுதினேன். எழுதி வாங்கியவன் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தப்பிப் போகிறாய் என்ற மாதிரித் தலையை ஆட்டினான். பாஸ் கிடைத்தபின் கப்பலுக்குப் பெயர் வரவேண்டும். மார்ச் கடைசியில் காங்கேசன்துறையில் கப்பல் ஏறித் திருகோணமலையில் இறங்கினேன். வழி முழுக்கச் சத்தி. அங்கிருந்து கொழும்புக்கு பஸ்.

வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ். அறைக்கு நான்கு பேர். சுவிஸ், ஜெர்மனி, லண்டன், நான் கனடா. அங்கே ஒருவரை ஒருவர் நாட்டின் பெயரால்தான் கூப்பிடுவோம். "சுவிஸ், தண்ணி வந்திட்டுதா பாருங்கோ" என்று விடிகாலையில் குரல் கேட்கும். ஊரில் இருந்து வந்தவர்கள் அப்போது பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. அங்கேயும் காரணம் கேட்டார்கள். விசா அலுவலகத்தின் பழைய கடிதத்தைக் காட்டினேன். "இது ஜனவரி" என்றார் அந்தப் பொலிஸ்காரர். "ஓம் சேர். பாதை பூட்டு." அவருக்கு விளங்கியது. பதிந்துகொண்டார்.

புது இன்ரர்வியூத் திகதிக்குக் காத்திருக்கையில் ஏப்ரல் பிறந்தது. 12 மாதம் முடிந்து என் மெடிக்கல் செத்துவிட்டது. நெஞ்சில் ஒரு குறையும் இல்லை, படத்துக்குத்தான் வயது போய்விட்டது. திரும்பவும் எடுக்கச் சொன்னார்கள். ஜூன் 7 காலை வரச்சொல்லி டொக்டரின் இடத்தில் நேரம் தந்தார்கள். வெள்ளெனப் போகவேண்டும் என்று முதல்நாள் இரவு கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டில் தங்கினேன்.

அன்று விடியமுன் கொழும்பு லொட்ஜுகளுக்குள் பொலிஸ் புகுந்தது. தக்க காரணமின்றித் தங்கியிருப்பவர்கள் என்று 376 தமிழரை பஸ்களில் ஏற்றி வவுனியா முதலான இடங்களுக்கு அனுப்பினார்கள். எங்கள் அறையில் மூன்று பேரும் பஸ்ஸில். உடுப்பு அடுக்கக்கூட நேரம் கொடுக்கவில்லையாம். ஆனால் சுவிஸ் தன் பெட்டியை விட்டுவிட்டு, என் கட்டிலுக்குக் கீழே கிடந்த பைலைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறா. கலியாணப் பதிவு, கேக் படம், கடிதங்கள் எல்லாம் அதற்குள். நான் மூச்சை இழுத்துப் பிடித்து எக்ஸ்ரேக்கு நின்ற நேரம் என் கலியாணம் வவுனியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட்டு, மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. பிரதமர் ரட்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். சுவிஸ் திரும்பி வந்தபோது பைலின் ஒரு மூலை மட்டும் தேத்தண்ணி பட்டு மஞ்சளாகியிருந்தது. "உன்ரை மனுசன் படத்திலை கறுப்பு" என்றா.

இன்ரர்வியூ ஓகஸ்டில். அதிகாரி மரியாதையான மனிதர், அவரைக் குறை சொல்லமாட்டேன். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். வீட்டில் யாரும் இயக்கத்தில் இருந்தார்களா, இயக்கத்துக்குக் காசு கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். முகமாலையால் சாமான் கொண்டுவந்த எல்லாரும் வரி கட்டினார்கள், நாங்களும் கட்டினோம் என்று உள்ளதைச் சொன்னேன். சொல்லும்போது அப்பாவின் அடுப்புத்தான் கண்ணுக்குள் நின்றது. அதிகாரி எழுதிக்கொண்டார்.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. போன் பில் ஒன்றும் இல்லையே? என் கணவர் போன் கார்டில்தான் எடுப்பவர், அதற்குப் பில் வராது என்றேன். சரி, கடிதங்கள் இருக்கின்றன. ஆனால் 2006 ஓகஸ்ட் நடுவில் இருந்து ஒக்டோபர் நடுவரை கடிதமும் இல்லை. ஏன் தொடர்பு இல்லை? சண்டையா?

"சண்டைதான்" என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதைப் புருசன் பெண்சாதிச் சண்டை என்று ஆங்கிலத்தில் சொன்னாரோ தெரியாது, அதிகாரியின் புருவம் ஏறியது. நான் அவசரமாக முகமாலை, பாதை, போன், கப்பல் என்று அடுக்கினேன். அவர் கொழும்பிலேயே இருந்தவர், பேப்பரும் படித்திருப்பார். எல்லாம் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் இந்தப் பெண்ணும் அந்த ஆணும் அந்த இரண்டு மாதமும் ஒருவரை ஒருவர் நினைத்தார்கள் என்பதற்கு யுத்தம் சாட்சி சொல்லாதே.

நவம்பரில் விசா வந்தது. சுவிஸ் அப்போதும் காத்துக்கொண்டிருந்தா.

ஸ்காபரோ வீட்டில் முதல் கிழமை அலுமாரியைத் துப்புரவாக்கும்போது ஒரு சப்பாத்துப் பெட்டி அகப்பட்டது. உள்ளே போன் கார்டுகள். மாதவாரியாக ரப்பர் பட்டி போட்டு மேலே பேனாவால் எழுதியிருந்தார். 2006 ஓகஸ்ட், செப்ரெம்பர்க் கட்டுகள்தான் மற்றவற்றை விட மொத்தம்.

"பேசவே ஏலாத மாதத்துக்கு என்னத்துக்கு இவ்வளவு?"

"லைன் கிடைச்சால்தான் காசு வெட்டுவான். கார்டிலை பிழையாக்கும் எண்டு நினைச்சு ஒவ்வொரு கொம்பனிக் கார்டா வாங்கிப் பாத்தனான். வேலை இடைவேளையிலை எடுப்பன். பேந்து வீட்டை வந்து எடுப்பன்."

ஒரு கார்டை உருவி, பின்னால் சுரண்டியிருந்த இலக்கத்தைப் போனில் அழுத்தினேன். ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ சொல்லி ஓய்ந்தது.

"என்னவாம்?"

"காலம் முடிஞ்சுதாம்" என்றபடி கார்டை என்னிடமிருந்து வாங்கி, செப்ரெம்பர்க் கட்டுக்குள் திரும்பச் செருகி, ரப்பர் பட்டியை இரண்டு சுற்றாகப் போட்டார்.