வரி ஓரத்துச் சிறுகோடு

மொழியியல் ஆய்வேட்டில் இடப்படும் ஒவ்வொரு சிறுகோடும் ஒரு கூற்று. லைப்சிக் விதிகளைப் பின்பற்றும் எடுத்துக்காட்டில், ‘இங்கே ஓர் உருபன் முடிந்து அடுத்தது தொடங்குகிறது’ என்பதே அதன் பொருள். ஆவணம் ஆக்கும் மென்பொருளோ அதே குறியை வேறொரு பணிக்கு வைத்திருக்கிறது: வரியில் அடங்காத நீண்ட சொல்லை முறித்த இடத்தைக் காட்டுவதற்கு.

‘மரங்களிலிருந்து’ என்பதை ஆய்வாளர் ‘மரம்-கள்-இல்-இருந்து’ எனப் பிரிப்பார். அதே சொல் வரி ஓரத்தில் அகப்பட்டால், மென்பொருள் ‘மரங்களி-’ என்று முடித்து ‘லிருந்து’ என அடுத்த வரியைத் தொடங்கக்கூடும். தமிழறிந்தவர் அதைக் கடந்து சென்றுவிடுவார். வடகிழக்கின் மலைகளில் சில ஆயிரம் பேர் மட்டுமே பேசும் மொழியொன்றில் இது நேர்ந்தால், திருத்திப் படிக்க வாசகரால் இயலாது. அச்சிட்ட பக்கமே அவருக்குச் சான்று. பேச்சாளரிடம் பலமுறை கேட்டு உறுதிசெய்த எல்லைகளுக்கு நடுவே, யாரும் சொல்லாத எல்லை ஒன்று புகுந்து, மேற்கோள்களின் வழியே பரவும்.

இதற்குக் காரணம் உண்டு. டெக் மென்பொருள் சொற்களை முறிப்பது, ஃப்ராங்க்ளின் லியாங் 1983இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வின் முறைப்படி. அது இலக்கணத்தை ஆராய்வதில்லை. எழுத்துக் கோவைகளின் பட்டியலை ஒப்பிட்டுப் பார்க்கிறது. மொழியைக் குறிப்பிடாவிட்டால், ஆங்கில அகராதியிலிருந்து பெற்ற பட்டியலே செயல்படும். ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் உள்ள களத்தரவு, ஆங்கிலச் சொற்களுக்குரிய இடங்களில் வெட்டுப்படுகிறது.

ஆகவே எங்கே முறியலாம் என்பதை ஆய்வாளரே வரையறுக்க வேண்டும். லாடெக்கில் தரவுச் சொற்களுக்கு மட்டும் தானியங்கி முறிப்பை நிறுத்திவிடலாம். மிக நீண்ட சொல்லாயின், சிறுகோடு தோன்றாமல் முறியும் இடத்தை ‘அலவ்பிரேக்’ கட்டளையால் குறிக்கலாம். எடுத்துக்காட்டுகளில் சொல்லும் அதன் பொருள்குறிப்பும் பிரியாமல் ஒன்றாகவே அடுத்த வரிக்கு இறங்க வேண்டும். எக்ஸ்பெக்ஸ் தொகுப்பு அதைச் செய்துதரும். இணைய முகவரிகளுக்கும் இதே எச்சரிக்கை தேவை: இடையில் புகுந்த சிறுகோடு முகவரியின் பகுதியாகவே படிக்கப்படும்.

சிலர் கண்ணுக்குத் தெரியாத சுழிய அகல இடைவெளியைத் தரவுக் கோப்பிலேயே செருகுகிறார்கள். பக்கம் சீராகும், ஆனால் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காமற்போகலாம். முறிப்பு பக்கத்தின் தேவை. அதைப் பக்கம் அமைக்கும் கட்டத்திலேயே செய்ய வேண்டும். மூலத் தரவு தீண்டப்படாமல் இருக்கட்டும்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன், ஒவ்வொரு பக்கத்தின் வலது ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது. அங்கே நிற்கும் சிறுகோடுகளில் எது ஆய்வாளருடையது, எது இயந்திரத்துடையது என்று பிரித்தறிய அவர் ஒருவரால்தான் முடியும்.