யாரிடம் முதலில்

ஜனவரி 4, 2025

சின்னக்கடைத் தெருவில் கோலப்பொடி வாங்கிக்கொண்டிருந்தேன். என் கணவருடைய சிநேகிதரின் மனைவி தோளைத் தொட்டு, "என்னக்கா, சாருக்கு மஸ்கட் விசா வந்துடுச்சாமே! எப்போ கிளம்பறார்?" என்றாள். "பொங்கல் முடியட்டும்னு இருக்கோம்" என்றேன். அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

ராத்திரி கேட்டேன். அவர் மறுக்கவில்லை. தீபாவளி சமயத்திலேயே பேச்சு தொடங்கியிருக்கிறது. கம்பெனி வேலையாகச் சென்னை போவதாகச் சொல்லிவிட்டுப் போன நாளில்தான் மெடிக்கல் எடுத்தாராம். இரண்டு வருட கான்ட்ராக்ட். "கையில வந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். அவங்களுக்கு எப்போ சொன்னீங்க என்று கேட்டேன். பேசாமல் போய் விளக்கை அணைத்தார்.

இதை எழுதி வைக்கிறேன். இரண்டு நாளில் சமாதானம் ஆகிவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிடும். அப்படி ஆகக் கூடாது.

ஜனவரி 5

பேசவில்லை. இட்லிக்கு மட்டும் "போதும்" என்றார்.

ஜனவரி 8

பழைய நாட்களை எல்லாம் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அந்தச் சென்னை நாளில், மத்தியானம் போன் போட்டு "சாப்ட்டியா?" என்று கேட்டார். வேலை நடுவில் நினைத்துக் கூப்பிட்டாரே என்று அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டுதானே அதைக் கேட்டிருப்பார்? கேட்டது பொய் இல்லை. ஆனாலும் அந்தச் சந்தோஷத்தை இனி எங்கே வைப்பது?

இன்னொரு நாள் அதைவிட அதிகமாக அறுக்கிறது. டிசம்பர் 1. ஃபெங்கல் புயல் மழை. மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து எங்கள் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் வீடு புதைந்தது. ஏழு பேர் போய்விட்டார்கள், அதில் குழந்தைகளும். மலை இருக்கிற ஊர், நமக்கு என்ன ஆகிவிடும் என்று பிறந்ததிலிருந்து நம்பி வந்தவள் நான். அந்த ராத்திரி கரண்ட் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன ஆனாலும் ரெண்டு பேரும் ஒண்ணா இருப்போம்" என்றார். அப்போது பாஸ்போர்ட் ஏஜென்ட் கையில் இருந்திருக்கிறது.

வேறு யாராவது இருப்பார்களோ என்றும் இன்று ஒருமுறை நினைத்தேன். அப்படி எதுவும் இல்லை என்று தெரியும். தெரிந்தும் அந்த நினைப்பு வந்தது. அவர் குளிக்கப் போனபோது போன் மேஜைமேல்தான் இருந்தது. தொடவில்லை. தொடாமல் இருப்பதற்கு இவ்வளவு பலம் வேண்டியிருக்கும் என்று தெரியாது.

ஜனவரி 10

தூக்கம் வரவில்லை. குறளை எடுத்து வைத்துக்கொண்டு கடைசி மூன்று அதிகாரத்தையும் படித்தேன்: புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. அரசு, அமைச்சு, துறவு, ஊழ் எல்லாவற்றையும் எழுதிய மனிதர் 133 அதிகாரத்தைக் கணவன் மனைவி சண்டையில் கொண்டுவந்து முடிக்கிறார். எனக்கு இது எப்போதும் பெரிய மரியாதையாகத் தோன்றும்.

அதில் ஒரு இடம். அவன் தும்முகிறான். அவள் வாழ்த்துகிறாள். வாழ்த்திய வாயாலேயே, எவள் நினைத்துத் தும்மினாய் என்று அழுகிறாள். அடுத்த குறளில் பாவம், தும்மலை அடக்கிப் பார்க்கிறான். யார் நினைப்பதை என்னிடம் மறைக்கிறாய் என்று அதற்கும் அழுகை. கல்யாணமான புதிதில் இதைப் படித்துக் காட்டி இரண்டு பேரும் சிரித்திருக்கிறோம். இன்றைக்கு அந்தப் பெண் பக்கம் நின்று படித்தேன். அவளுக்கு அவன் தும்முவது காதில் விழுகிறது. அடக்கினால் முகத்தில் தெரிகிறது. ஒரே வீட்டில் இருக்கிறவர்களின் சண்டை அது. மஸ்கட் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே தும்மினால் எனக்கு எப்படித் தெரியும்?

ஜனவரி 13

போகி, பௌர்ணமி, ஆருத்ரா தரிசனம் மூன்றும் இன்றைக்கே. கிரிவலக் கூட்டத்தில் தெருவைக் கடக்க முடியவில்லை. கார்த்திகை தீபத்துக்கு மலைமேல் எரிந்த கொப்பரையிலிருந்து எடுத்த தீப மையை இன்று நடராஜருக்குச் சாத்தினார்கள். வீட்டில் நான் மட்டும் பழைய பாயை எரித்தேன். அவர் ஏஜென்டைப் பார்க்கப் போயிருந்தார். இந்தத் தடவை சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஜனவரி 14

பொங்கல். போளூரிலிருந்து நாத்தனார் வந்தாள். கரும்பு நறுக்கும்போது மெதுவாக ஆரம்பித்தாள். "அண்ணன் பயந்துட்டான் அண்ணி. நீங்க ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லிட்டா அவனால போக முடியாது. அதான் முன்னாடி சொல்லல."

அவரே சொல்லட்டுமே என்றேன்.

"சொன்னா நீங்க அழுவீங்கன்னு…"

அழக்கூடவா எனக்கு உரிமை இல்லை?

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண். ஆனால் இதுவும் அவள் வாயிலிருந்துதான் வருகிறது.

ஜனவரி 15

தை இரண்டு. திருவூடல். காலையில் நந்திகளுக்குக் காய், பழம், வடை மாலை. சாயங்காலம் மாட வீதி வலம் முடிந்ததும் திருவூடல் தெருவில் அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் எதிரெதிரே நின்றார்கள். அவரும் வந்திருந்தார். நாத்தனார்தான் இழுத்துக்கொண்டு வந்தாள். தம்பதியாகப் பார்த்தால் சண்டை வராது என்று அம்மா காலத்திலிருந்து சொல்லிவருவது.

ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன், காரணத்தை யோசித்ததில்லை. அம்மனுக்கு எதிராக வேறு பெண் யாரும் இல்லை. பிருங்கி முனிவர் சுவாமியை மட்டும்தான் கும்பிடுவேன் என்கிறார். பக்கத்தில் இருக்கிறவள் அவர் கண்ணுக்கு ஒரு பொருட்டே இல்லை. அப்படிப்பட்டவருக்குச் சுவாமி காட்சி கொடுக்கப் புறப்படுகிறார். அவ்வளவுதான் நடந்தது. பவழக்குன்றில் தவம் இருந்து அவர் உடம்பில் இடப்பாகம் வாங்கியவள் அம்மன். போன மாதம் தீபத்தன்று அர்த்தநாரீசுவரராக ஆடிவந்ததை ஊரே பார்த்தது. பாதி உடம்பைக் கொடுத்தவர் அடுத்த மாதமே அவளைக் கேட்காமல் கிளம்புகிறார். பாதி கொடுத்தால் போதாதா என்று யாராவது அம்மனைப் பார்த்துக் கேட்பார்களா? நான் கேட்க மாட்டேன்.

சுவாமிக்காக அம்மனிடம் தூது போகிறவர் சுந்தரர். மனைவி பரவையாரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கட்டிக்கொண்டவர். அவருக்காகச் சிவனே திருவாரூரில் ஒரே ராத்திரியில் இரண்டு தரம் பரவையார் வீட்டுக்கு நடந்தார். முதல் தரம் அவள் முடியாது என்று அனுப்பிவிட்டாள். அந்தக் கடனைத்தான் சுந்தரர் இங்கே அடைக்கிறார் போலிருக்கிறது. தூதும் இங்கே பலிக்கவில்லை. அம்மன் கோயிலுக்குள் போய்விட, கதவு சாத்தினார்கள். சுவாமி ராத்திரிக்குக் குமரக்கோயிலுக்குப் போனார்.

கூட்டம் கலையும்போது அவர், "அம்மன் மேல தப்பே இல்ல, இல்ல?" என்றார். தேர் வடம் மாதிரி என் தொண்டை இறுகியது. "தெரியல" என்றேன்.

ஜனவரி 16

சுவாமி கிரிவலம் போனார். வருஷத்தில் இரண்டு தரம்தான் அவர் மலையைச் சுற்றுவது. நான் வீட்டு வாசலில் கோலம் பெரிதாகப் போட்டேன். திரும்பிவந்த பிறகு மறுவூடல், கதவு திறந்தாயிற்று என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

ஜனவரி 22

டிக்கெட் பிப்ரவரியில். பெரிய பெட்டி வாங்க வேண்டும் என்றார். பருப்புப் பொடி எத்தனை கிலோ போடலாம் என்று பேசினோம். ஒரு மணி நேரம் நன்றாகவே பேசினோம்.

ஜனவரி 23

இன்றைக்கு மறுபடி எதற்கெடுத்தாலும் கோபம். பெட்டியைப் பார்த்தாலே வருகிறது.

ஜனவரி 27

ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து, ஏஜென்ட் இன்னும் பதினைந்தாயிரம் கேட்கிறான், என்ன செய்யலாம் என்று கேட்டார்.

"உங்க சிநேகிதர் என்ன சொன்னார்?"

"அவன்கிட்ட இன்னும் சொல்லல. உன்கிட்டதான் முதல்ல கேக்கறேன்."

முகத்தைப் பார்த்தேன். நிஜமாகத்தான் இருக்கும். ரசீது இல்லாமல் காசு கொடுக்கக் கூடாது, நாளைக்கு நானும் கூட வருகிறேன் என்றேன். சரி என்றார். அவர் தூங்கிவிட்டார். சிநேகிதரின் மனைவியிடம் நாளைக்குப் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.