அணை நிரம்பியது, பேட்டரி தீர்ந்தது

மேட்டூர் அணையில் தண்ணீர் குறைந்தால் ஊரெல்லாம் கவலைப்படும். பண்ணவாடிப் பக்கம் எங்களைப் போன்ற சிலருக்கோ அப்போதுதான் உழ நிலம் கிடைக்கும். 1934-ல் அணை கட்டி முடிந்தபின் மூழ்கிப்போன வண்டல் பூமி அது. பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டினால் அப்பா விதைக்கக் கிளம்பிவிடுவார். தண்ணீர் ஏறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அங்கே கரண்ட் கம்பம் ஏது? ராத்திரி காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்க ஒரு சாளை. அதற்கு 40 வாட் சோலார் பேனல், 12 வோல்ட் 40 ஆம்பியர்-அவர் பேட்டரி, ஒரு சார்ஜ் கண்ட்ரோலர், இரண்டு எல்.இ.டி. பல்பு. பேட்டரி கடனுக்கு வாங்கியது.

2024 கோடையில் ஒருநாள் அப்பா, "பத்து மணிக்கே வெளக்கு மங்குது. நீதான் கரண்டுப் படிப்பு படிக்கறியே, என்னன்னு பாருடா சாமி" என்றார். நண்பனிடம் மல்டிமீட்டர் இரவல் வாங்கிப் போனேன். வோல்டேஜ் ஏறக்குறைய சரியாக இருந்தது. ஆம்பியர்தான் மிகக் குறைவு. ஏறிப் பார்த்தால் நீர்க்காகத்தின் எச்சம் ஒரு செல்லை முழுசாக மூடிக் காய்ந்திருந்தது. 36 செல்களும் சீரீஸ் அல்லவா? ஒன்று மறைந்தாலும் மொத்தக் கரண்டும் சுருங்கிவிடும், சொட்டுநீர்க் குழாயை ஓரிடத்தில் மிதித்த மாதிரி. அம்மா அதற்குள் தேங்காய் நாரும் சாம்பலுமாக வந்துவிட்டார், பாத்திரம் என்று நினைத்து! கண்ணாடி கீறிவிடும் என்று தடுத்து, மறுநாள் வெயில் ஏறும் முன் ஈரத்துணியால் ஊறவைத்துத் துடைத்தேன். அன்று விடியும்வரை விளக்கு எரிந்தது. டீக்கடையில் எல்லாரிடமும் அப்பா இதைச் சொன்னார்.

அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. ஜூலை தொடக்கத்தில் 40 அடியை ஒட்டிக் கிடந்த அணை, 30-ம் தேதி 120 அடி நிரம்பிவிட்டது. பாதிக் கம்பைத்தான் அறுக்க முடிந்தது. பேனல் அப்பா தலையில், பேட்டரி என் தோளில். வீட்டுக் கட்டிலடியில் கண்ட்ரோலரோடு அப்படியே வைத்தேன். பச்சை விளக்கு மினுக்கியது. 'நல்லாத்தான் இருக்கு' என்று ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன்.

2025-லும் ஜூன் 29-ல் அணை நிரம்பியது. நிலம் வெளியே வரவேயில்லை. வீட்டுக்காவது உதவட்டும் என்று பேட்டரியை எடுத்தால் 5 வோல்ட்! கணக்குப் போட்டுப் பார்த்தேன். கண்ட்ரோலர் தனக்காக 10 மில்லி ஆம்பியர் இழுத்தாலே மாதம் 7 ஆம்பியர்-அவருக்கு மேல் போகும். ஆறு மாதத்தில் 40-ம் காலி. காலியாகவே கிடந்த ஈயத் தகடுகளில் சல்பேட் படிகமாக இறுகிவிட்டது. பிறகு எத்தனை சார்ஜ் ஏற்றினாலும் அது திரும்பாது. நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விடைதான் இது.

கடைக்காரர் பழைய ஈய எடைக்குத்தான் எடுத்தார். அப்பா திட்டவில்லை. "கடன் போன மாசந்தான் முடிஞ்சுது" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

புதியதை என் ஸ்காலர்ஷிப் பணத்தில் பாதி போட்டு வாங்கினோம். இப்போது அதன் ஒயர்களைக் கழற்றித்தான் வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை பேனலை மாடியில் சாய்த்து சார்ஜ் ஏற்றி, மறுநாள் அளப்பதும் அப்பாதான். எழுத்துத் தெரியாதவர், மீட்டரில் எண்ணை மட்டும் பழகிக்கொண்டார். ஹாஸ்டலுக்குப் போன் வரும்: "பன்னண்டு புள்ளி ஆறுடா சாமி. அணை எத்தனை அடின்னு பேப்பர்ல பாத்தியா?"